டோமோயிக் அமிலம்: கிலோவுக்கு 20 மி.கி. என்ற வரம்பு யாரைக் காக்கிறது?

#1 | கழிமுகம்

பக்கத்து இழையில் ஒருவர், "சிப்பி, மட்டி எல்லாம் நன்றாக வெந்துவிட்டால் எந்த நச்சும் நிற்காது" என்று எழுதியிருக்கிறார். கிருமிக்கு அது சரி. பாசி நச்சுக்கு, அதாவது கடலில் மிதக்கும் நுண்பாசி செய்து அதைத் தின்னும் சிப்பிக்குள் சேரும் நஞ்சுக்கு, சரியில்லை. அங்கே பதில் போட்டால் சமையல் பேச்சு கெட்டுவிடும், அதனால் தனி இழை.

1987 நவம்பர், டிசம்பரில் கனடாவில் கல்லுமக்காய் தின்றவர்களுக்கு வாந்தி, வயிற்று வலி, தலைவலி. 24 மணி நேரத்துக்குள் வயிற்றுத் தொல்லை அல்லது 48 மணி நேரத்துக்குள் நரம்புத் தொல்லை வந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்ததில் 107 பேர் என்று வந்தது. அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சற்று முன் நடந்தது நினைவில் நிற்கவில்லை. 19 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அதில் 12 பேர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். தின்றது எல்லாம் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் கிழக்கே கார்டிகன் ஆற்றுக் கழிமுகத்தில் வளர்த்த கல்லுமக்காய். வெந்ததைத்தான் தின்றார்கள். கெட்ட வாடை இல்லை, ருசியில் வித்தியாசம் இல்லை, ஓடு மூடித்தான் இருந்தது. நம் வீடுகளில் பார்க்கும் எல்லாச் சோதனையிலும் அது தேறியிருக்கும்.

ஹாலிஃபாக்ஸில் இருந்த தேசிய ஆராய்ச்சி மன்ற ஆய்வகம் 104 மணி நேரத்தில் நச்சைப் பிடித்தது: டோமோயிக் அமிலம். சில கல்லுமக்காயில் கிராமுக்கு 900 மைக்ரோகிராம், அதாவது கிலோவுக்கு 900 மி.கி. வரை இருந்தது. இன்று பல நாடுகளில் சிப்பிச் சதைக்கு இருக்கும் "கிலோவுக்கு 20 மி.கி." என்ற வரம்பு அந்தச் சம்பவத்தில் பிறந்ததுதான். அந்த எண் போதுமா என்று பேசத்தான் இந்த இழை.

#2 | நெத்திலிக்குழம்பு

இரண்டு கேள்வி. ஒன்று, 104 மணி நேரம் என்றால் நாலரை நாள்கூட இல்லை. முன்பின் தெரியாத நச்சை எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள்? இரண்டு, கொதிக்கும் நீரில் அழியாத அமிலம் என்ன அமிலம்?

#3 | ஆய்வகம்242

முன்பின் தெரியாத பொருள் அல்ல, அதுதான் அதிர்ஷ்டம். ஜப்பானில் டோகுனோஷிமா தீவில் 'டோமோய்' என்று சொல்லும் ஒரு செம்பாசி உண்டு, அறிவியல் பெயர் காண்ட்ரியா ஆர்மாட்டா. அதைக் குடல் புழுவுக்கு மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். 1958-ல் அதிலிருந்துதான் இந்த அமிலத்தைப் பிரித்தார்கள், பெயரும் அங்கிருந்தே வந்தது. ஆளுக்கு 20 மி.கி. போலக் கொடுத்தபோது பெரிய கெடுதல் இல்லை. அதனால் கடல் உணவில் இது ஆளைக் கொல்லும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கனடாவில் முதலில் கைகொடுத்தது எலி. சாக்சிடாக்சின் என்ற இன்னொரு பாசி நச்சைப் பார்க்கச் செய்யும் வழக்கமான சோதனையில் கல்லுமக்காய்ச் சாற்றை எலிக்கு ஊசி போட்டார்கள். சாக்சிடாக்சின் என்றால் எலி சில நிமிடங்களில் மூச்சடைத்துச் சாகும். இங்கே அப்படி இல்லை. பின்னங்காலைத் தூக்கித் தோளைச் சொறிந்துகொண்டே இருந்து, நேரம் கழித்துச் செத்தது. இது வேறு நச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதி எலியைச் சொறிய வைக்கிறதோ அதை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டே போனார்கள்.

இரண்டாம் கேள்விக்கு: இது அமினோ அமிலக் குடும்பம், மூலக்கூறு எடை 311. நீரில் கரையும். வேகவைப்பது, ஆவியில் அவிப்பது, உறைய வைப்பது எதற்கும் அசையாது. கொதிக்க வைக்கும்போது கொஞ்சம் நீரில் இறங்கும், அழியாது. அந்த நீரையே சூப்பாகக் குடித்தால் நச்சு கிண்ணத்தில் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். புற ஊதா ஒளி மட்டும் இதன் வடிவத்தை மாற்றும், ஆகவே ஆய்வகத்தில் மாதிரிச் சாற்றைப் பழுப்புக் குப்பியில் வைக்க வேண்டும்.

#4 | அமிக்டலா

மூளையில் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

நரம்புகள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் குளூட்டமேட்டின் உருவத்தை டோமோயிக் அமிலம் ஒத்திருக்கிறது. குளூட்டமேட் வளையும், வேலை முடிந்ததும் அகற்றப்படும். இதுவோ விறைப்பான மூலக்கூறு. குளூட்டமேட்டைப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒரு வகையான கைனேட் ஏற்பிகளில் பூட்டுக்குள் சாவி மாட்டியது போல நின்றுவிடும். கதவு திறந்தே கிடக்க, கால்சியம் செல்லுக்குள் கொட்டுகிறது, மைட்டோகாண்ட்ரியா திணறுகிறது, செல் சாகிறது. இந்த ஏற்பிகள் நெருக்கமாக இருக்கும் இடம் ஹிப்போகாம்பஸ், புது நினைவைப் பதிக்கிற இடம். பழைய நினைவும் புத்தியும் பேச்சும் நன்றாகவே இருக்கும், காலையில் யார் வந்து போனார் என்பது மட்டும் பதியாது. அதனால்தான் இதற்கு 'மறதி உண்டாக்கும் சிப்பி நஞ்சு' என்று பெயர்.

முதல் அறிக்கையில் 3 மரணம். பிறகு மூளையைப் பரிசோதித்தது 4 பேருக்கு, நால்வரிலும் ஹிப்போகாம்பஸிலும் அதன் பக்கத்தில் உள்ள அமிக்டலா என்ற பகுதியிலும் செல்கள் அழிந்திருந்தன. என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான், தவறாக நினைக்காதீர்கள்.

மருத்துவம் படிப்பவர்கள் மூன்று விஷயத்தை மனதில் வையுங்கள். மாற்று மருந்து கிடையாது. வலிப்புக்கு டயஸெபாமும் ஃபெனோபார்பிட்டாலும் கேட்டன, ஃபெனிட்டாயின் சரியாகக் கேட்கவில்லை. நச்சு வெளியேறுவது சிறுநீரகம் வழியே. குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறுவது தின்றதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்தக் கொஞ்சமும் வெளியே போகாமல் தங்கிவிடும். 1987-ல் வயதானவர்களுக்கு நினைவிழப்பு அதிகம், இளையவர்களுக்கு வயிற்றுப்போக்கு அதிகம் என்று பிரிந்ததில் இதற்குப் பங்கு உண்டு.

இன்னொரு நோயாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 84 வயதுக்காரர், தின்றபோது வந்த வலிப்பு நின்றது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, பொட்டுமடலில் தொடங்கும் காக்காய்வலிப்பு வந்தது. இறந்தபின் பார்த்தால் இரு பக்க ஹிப்போகாம்பஸும் சுருங்கியிருந்தது. நஞ்சு உடம்பில் இருந்தது சில நாள்தான், அது போட்ட தழும்பு பிறகு தானே வேலை செய்திருக்கிறது.

#5 | கடல்நாய்

@அமிக்டலா, அந்த 84 வயதுக்காரரின் கதையை அப்படியே கடல் சிங்கத்தில் பார்க்கலாம்.

1991 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் தலை தொங்கி, சொறிந்து, செத்து விழுந்தன. வயிற்றில் நெத்திலி, நெத்திலிக்குள் டோமோயிக் அமிலம். 1998 மே, ஜூனில் அதே கடற்கரையில் 400-க்கும் மேற்பட்ட கடல் சிங்கங்கள் செத்தன. அங்கும் நெத்திலிதான். அதே வளைகுடாவில் 1961 ஆகஸ்டில் கேப்பிட்டோலா ஊருக்குள் கடற்பறவைகள் கூட்டமாக வந்து கூரையிலும் வண்டியிலும் மோதியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் சேகரித்துப் பாதுகாத்த விலங்கு மிதவை உயிரிகளின் வயிற்றைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, நஞ்சு செய்யும் டயட்டம் என்ற நுண்பாசி நிறைய இருந்தது.

நோய் இரண்டு விதம்.

உடனடி வகை: தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருக்கும், தள்ளாடும், உடம்பைச் சொறியும், வலிப்பு வரும். எலி சொறிந்ததை நினைவில் வையுங்கள், அதே அறிகுறி. சினையாக இருந்தால் குட்டி கலையும். கரு மிதக்கும் பனிநீரில் நஞ்சு தங்கி நிற்பதால், தாயின் இரத்தம் சுத்தமான பின்னும் குட்டி அதிலேயே கிடக்கும்.

நாட்பட்ட வகை: தோற்றத்தில் ஆரோக்கியம், விட்டுவிட்டு வலிப்பு. கடலை விட்டு வெகுதூரம் உள்ளே வந்து சாலையோரத்தில் கிடக்கும். இரத்தத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எம்ஆர்ஐ எடுத்தால்தான் ஹிப்போகாம்பஸ் சுருங்கியது தெரியும்.

2015-ல் வந்த ஆய்வில் 30 கடல் சிங்கங்களைச் சோதித்தார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இந்த முறை இடது, அடுத்த முறை வலது என்று மாறி மாறிப் போனால் மீன். வலப்பக்க ஹிப்போகாம்பஸ் எவ்வளவு கெட்டிருந்ததோ அந்த அளவுக்கு விலங்கு தவறியது. கடலில் இதன் பொருள் எளிது. நேற்று மீன் கிடைத்த இடத்துக்கு இன்று திரும்ப வழி தெரியாத வேட்டை விலங்கு பட்டினிதான்.

சிகிச்சை என்றால் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது, வலிப்புக்கு மருந்து, இருட்டான அமைதியான கூண்டு. கரையில் ஒன்றைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கடலுக்குள் தள்ளாதீர்கள். வலிப்பில் இருக்கும் கடல் சிங்கம் நீரில் மூழ்கும், கிட்டே போனவரைக் கடிக்கும்.

கடல் நீர்நாய்க்கு மூளையோடு இதயமும் கெடுகிறது. அதன் இதயத் தசையிலும் குளூட்டமேட் ஏற்பிகள் உண்டு.

#6 | நுண்ணோக்கி

எல்லாரும் நஞ்சைப் பேசுகிறீர்கள், செய்கிறவரைப் பேசவில்லையே. சூடோ-நிட்சியா, ஊசி போன்ற டயட்டம். ஒரு செல்லின் நுனி அடுத்ததன் நுனிமேல் லேசாக ஏறி நீளச் சங்கிலியாகும். கனடாவில் மல்டிசீரீஸ் இனம், கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் ஆஸ்ட்ராலிஸ்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 20 மைக்ரோமீட்டர் கண் உள்ள வலையை மெதுவாக இழுங்கள், லுகால் கரைசல் (அயோடின் கரைசல்) 100 மி.லி.க்கு 1 மி.லி. சேருங்கள், 400 மடங்கில் பாருங்கள். 3 மைக்ரோமீட்டருக்கு மேல் அகலமானால் சீரியாட்டா குழு, குறைந்தால் டெலிகாட்டிசிமா குழு. அதற்கு மேல் சாதாரண நுண்ணோக்கியில் இனம் சொல்ல முடியாது, எலக்ட்ரான் நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும். 'ஆஸ்ட்ராலிஸ் பார்த்தேன்' என்று கைபேசிப் படத்தோடு வருகிறவர்களை நான் நம்புவதில்லை.

கடல் சிவந்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். இது நீரின் நிறத்தை மாற்றாமலே விஷமாகும். செல் எண்ணிக்கை கூடினாலே நஞ்சு கூடும் என்றும் இல்லை. வளர்த்துப் பார்த்ததில், செல் வேகமாகப் பெருகும்போது நஞ்சு குறைவு. ஓட்டுக்குத் தேவையான சிலிக்கேட்டோ பாஸ்பேட்டோ தீர்ந்து, பிரிவது நின்று, ஒளி மட்டும் வந்துகொண்டிருக்கும்போதுதான் நஞ்சு ஏறுகிறது. அதனால் ஒரே எண்ணிக்கை இந்த வாரம் பாதுகாப்பு, அடுத்த வாரம் ஆபத்து. 2018-ல் இதைச் செய்யும் மரபணுக்களின் தொகுப்பும் தெரிந்தது, இனி செல்லை எண்ணாமல் அந்த மரபணு விழித்திருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு.

#7 | நெத்திலிக்குழம்பு

நெத்திலி அதையே தின்கிறது, அது ஏன் சாகவில்லை?

#8 | கடல்நாய்

வாய்வழி போனால் மிகக் குறைவுதான் குடலைத் தாண்டுகிறது. உடல் குழிக்குள் ஊசியில் போட்டுப் பார்த்தார்கள், நெத்திலி வட்டமடித்துச் சுழன்றது. ஆக நரம்பு தாங்கவில்லை, குடல்தான் தடுக்கிறது. குடலில் கிடப்பதை முழு மீனாக விழுங்கும் பறவைக்கு அந்தத் தடை போதவில்லை.

#9 | கழிமுகம்

இப்போது வரம்புக்கு வருவோம்.

1987-ல் நோயாளிகள் மிச்சம் வைத்ததை அளந்து கணக்கிட்டபோது, 15-20 மி.கி. தின்றவருக்கு ஒன்றுமில்லை, 60-110 மி.கி. வயிற்றோடு நின்றது, 115-290 மி.கி. தின்றவர்கள் நினைவிழந்தார்கள். கிலோவுக்கு 200 மி.கி. நோய் தரும் என்று வைத்து, அதில் பத்தில் ஒன்றை வரம்பாக்கினார்கள். ஒரே வேளை, ஆரோக்கியமான பெரியவர், ஓரளவு சாப்பாடு. அந்தக் கணக்குக்கு 20 போதும்.

2009-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரே நாளில் உடல் எடை கிலோவுக்கு 0.03 மி.கி. தாண்டக் கூடாது என்றது. 60 கிலோ ஆளுக்கு 1.8 மி.கி. வயிறாரத் தின்றால் 400 கிராம் மட்டி. வரம்பின் விளிம்பில் 20 மி.கி. இருந்தால் 8 மி.கி. உள்ளே போகும், நாலு மடங்குக்கும் மேல். அந்தக் கணக்கில் கிலோவுக்கு 4.5 மி.கி. இருந்தால்தான் சரி. ஆனால் சட்டத்தில் 20 இன்னும் 20-தான்.

#10 | ஆய்வகம்242

@கழிமுகம், எண்ணை மட்டும் குறைத்தால் ஆயிற்றா? அளக்கும் வழியையும் பாருங்கள்.

சாக்சிடாக்சினுக்குச் செய்யும் எலிச் சோதனை டோமோயிக் அமிலத்தைக் கிலோவுக்குச் சுமார் 40 மி.கி.க்கு மேல்தான் காட்டும். எலி பிழைத்தது என்பதால் 20-க்குள் என்று சொல்ல முடியாது.

சரியான வழி: 10-12 சிப்பியின் சதையை ஒன்றாக அரைத்து, 4 கிராம் எடுத்து, 16 மி.லி. சம அளவு மெத்தனால்-நீர் கலவையில் நன்றாக அடித்து, மைய விலக்கத்தில் சுழற்றி, மேல் திரவத்தை அயனி பரிமாற்றக் குழாயில் சுத்தம் செய்து, கரைந்த பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் 242 நானோமீட்டர் ஒளியில் பார்ப்பது. என் பெயர் அங்கிருந்து.

சுத்தம் செய்வதை அவசரத்தில் விட்டால் டிரிப்டோபேன் என்ற சாதாரண அமினோ அமிலம் வந்து நிற்கும். அதுவும் 242-ல் உறிஞ்சும், டோமோயிக் அமிலத்துக்குப் பக்கத்திலேயே வெளியேறும், இல்லாத நஞ்சு இருப்பதாகக் காட்டும். பாவம், கல்லுமக்காய் வளர்ப்பவரின் அறுவடை நிற்கும். டோமோயிக் அமிலத்தின் வடிவம் மாறிய வகையான எபி-டோமோயிக் அமிலத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும், அதை விட்டால் எண் குறைவாக வரும். மாதிரி எடுப்பதிலும் கோளாறு உண்டு. ஒரே கயிற்றில் மேலே தொங்கும் கல்லுமக்காயும் கீழே தொங்குவதும் ஒரே அளவில் தின்றிருக்காது. இரண்டு சிப்பியை மட்டும் எடுத்து வந்து 19 என்று அறிக்கை கொடுத்தால் அந்த 19-க்கு மதிப்பில்லை.

#11 | அமிக்டலா

20 வேண்டுமா 4.5 வேண்டுமா என்பது ஒருமுறை தின்பவருக்கான சண்டை. மாதம் முழுக்கத் தின்பவரை யார் பார்ப்பது?

வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையில் கினோல்ட், மாக்கா, கிலியூட் பழங்குடியினர் ரேசர் மட்டியைத் தொன்றுதொட்டுத் தின்பவர்கள். இந்த மட்டி நஞ்சை ஓராண்டுக்கும் மேலாகப் பிடித்து வைக்கும், கல்லுமக்காய் போல ஓரிரு வாரத்தில் கழுவிவிடாது. கடற்கரை திறந்திருக்கிறது என்றால் நஞ்சு 20-க்குக் கீழே என்றுதான் பொருள், சுழி என்று அல்ல. பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மாதம் 15 மட்டிக்கு மேல் தின்றவர்களுக்கு அன்றாட நினைவில் சிறு சரிவு தெரிந்தது. அந்த மாநிலச் சுகாதாரத் துறை கர்ப்பிணி, பாலூட்டும் தாய், குழந்தை, முதியவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மாதம் 15-க்கு மேல் தின்ன வேண்டாம் என்கிறது.

மக்காக் குரங்குகளுக்குத் தினமும் உடல் எடை கிலோவுக்கு 0.075 அல்லது 0.15 மி.கி. வாய்வழி கொடுத்தார்கள். வாந்தி இல்லை, வலிப்பு இல்லை. ஆனால் கையை நீட்டி எடுக்கும்போது நடுக்கம் வந்தது. வெளியே தெரியாத அளவிலும் நரம்பு பாதிக்கிறது என்பதற்கு வேறு என்ன வேண்டும்?

#12 | கழிமுகம்

ஒப்புக்கொள்கிறேன். சாப்பிடுகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனாலும் உண்டு.

நண்டில் நஞ்சு குடல் பகுதியில்தான், அமெரிக்க வரம்பு அதற்குத் தனியாகக் கிலோவுக்கு 30 மி.கி., சதைக்கு 20. முழு நண்டை வேகவைத்தால் குடலில் இருப்பது நீரில் இறங்கிச் சதைக்கும் போகும். அதனால் ஓட்டைத் திறந்து, குடலையும் உள்ளே இருக்கும் மஞ்சள் கூழையும் எடுத்தெறிந்து, கழுவி, பிறகு வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். 2015-16-ல் கலிஃபோர்னியாவில் டன்ஜனஸ் நண்டுப் பருவம் நவம்பரில் தொடங்க வேண்டியது, இந்த நஞ்சால் மார்ச் கடைசி வரை தள்ளிப்போனது. கிறிஸ்துமஸ் வியாபாரம் முழுக்கப் போயிற்று.

ஸ்காலப் என்ற விசிறி வடிவச் சிப்பியில் தசை வேறு, குடல் வேறு. 2002-ல் ஐரோப்பிய ஆணையம், முழு உடலில் 20-க்கும் 250-க்கும் இடையே இருந்தாலும் தசையிலும் சினைப்பையிலும் 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் விற்கலாம் என்றது. கல்லுமக்காயில் இந்த வித்தை நடக்காது, குடலோடுதானே தின்கிறோம்.

#13 | நெத்திலிக்குழம்பு

கடைசியாக நம்மூருக்கு. இங்கே இப்படி நடந்திருக்கிறதா? என் பெயரில் இருக்கும் குழம்பைத் தொடலாமா?

#14 | நுண்ணோக்கி

சூடோ-நிட்சியா இனங்கள் இந்தியக் கடலிலும் உண்டு. ஆனால் நம் ஊரில் ஆளைக் கொன்றது வேறு நஞ்சு. 1981-ல் தமிழ்நாட்டில் வயலூரில் மட்டி தின்று 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். 1997-ல் கேரளத்தில் விழிஞ்ஞத்தில் கல்லுமக்காயால் 7 பேர் இறந்தார்கள். இரண்டும் பக்கவாத வகை, சாக்சிடாக்சின் குடும்பம். உதடு மரத்து, கை கால் தளர்ந்து, மூச்சு நிற்கும், நினைவு போகாது. இதற்கு வரம்பு கிலோவுக்கு 0.8 மி.கி. இதுவும் வெந்தால் போகாது.

நெத்திலி விஷயத்தில்: நஞ்சு இருந்தால் பெரும்பகுதி குடலில், சதையில் மிகக் குறைவு. தலையைக் கிள்ளிக் குடலைப் பிதுக்கி எடுக்கும் வழக்கமே இங்கே பாதுகாப்பு. பொடி நெத்திலியைக் கிள்ளாமல் முழுதாகப் போடுவதும், முழுதாகக் காய வைத்த கருவாடும் மட்டும் கணக்கு வேறு, காய்ந்தால் நீர்தான் போகும், அமிலம் அங்கேயே நிற்கும்.

#15 | நெத்திலிக்குழம்பு

கிள்ளித்தான் போடுகிறேன். கருவாட்டையும் ஊறவைத்துக் குடலை எடுத்துவிட்டு, அந்த நீரைக் கொட்டினால் சரியா?

#16 | ஆய்வகம்242

குடலை எடுப்பதுதான் முக்கியம். ஊறிய நீரில் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதைக் குழம்பில் ஊற்றாதீர்கள், பூனைக்கும் வைக்காதீர்கள்.